கபிலரின் குருகு: ஐந்தடிப் பாடலில் காட்சியும் அணியும்

குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாடல் கபிலர் பாடியது. ஐந்தே அடிகள் கொண்ட அந்தப் பாடலை முழுமையாகத் தருகிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

களவிலே, அதாவது பிறர் அறியாமல், கூடிய தலைவன் திருமணத்துக்கு நாள் கடத்துகிறான். அவன் சொல் தவறிவிட்டால் தன் நிலை என்னவாகும் என்று அஞ்சும் தலைவி, அந்த அச்சத்தைத் தோழியிடம் சொல்கிறாள். ‘வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ என்பது பாடலுக்கு அமைந்த பழைய குறிப்பு. அன்று அங்கே வேறு எவரும் இல்லை, அந்தக் கள்வன் ஒருவனே இருந்தான். அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன். ஓடும் நீரிலே ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு, தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களோடு நின்ற குருகும் இருந்தது, அவன் என்னைக் கூடிய அந்நாளில். பாடலின் பொருள் இவ்வளவுதான்.

இந்தப் பாடலின் அணிநயம் யாது என்று ஓர் உயர்தர வகுப்பு மாணவரிடம் கேட்டால், ‘தினைத்தாள் அன்ன’ என்பது உவமை, குருகு கருப்பொருள் (நிலத்துக்கு உரிய உயிர்), தலைவனைக் குருகு உள்ளுறையாகக் (வெளியே சொல்லாமல் மறைபொருளாக) குறிக்கிறது என்று மூன்று வரிகளில் விடை வந்துவிடும். கொழும்பில் தனியார் வகுப்புக் குறிப்புகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த மூன்று வரிகளும் பழக்கமானவை. அவற்றிலே பிழை என்று சொல்ல அதிகமில்லை. ஆனால் அணிக்குப் பெயர் சூட்டியவுடன் விளக்கம் முடிந்துவிட்டதாக அந்த விடை எண்ணிக்கொள்கிறது. அந்த உவமை அந்த இடத்தில் ஏன் வேண்டியிருந்தது, பாடலின் ஐந்து அடிகளில் ஏறத்தாழ பாதியை ஒரு பறவையின் காலுக்கும் பார்வைக்கும் கபிலர் ஏன் கொடுத்தார் என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. என் கருத்து இதுதான்: இந்தப் பாடலில் நாம் அணி என்று பெயரிடும் ஒவ்வொன்றும் பறவையைப் பறவையாகவே நிறுத்தி வைப்பதற்கு உழைக்கிறது, குருகு தன் இயல்பிலிருந்து இம்மியும் அசையாமல் நிற்பதால்தான் தலைவியின் துயரம் நம்மை வந்து சேர்கிறது.

நூலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். எட்டுத்தொகையில் ஒன்றான குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. நான்கடிச் சிறுமையும் எட்டடிப் பெருமையும் இதன் அளவு. ஒன்பதடியில் அமைந்தவை ஓரிரண்டே. சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் இதை முதன்முதலாக அச்சிட்டார், உ.வே. சாமிநாதையரின் விரிவான உரைப்பதிப்பு 1937இல் வெளிவந்தது. கபிலரோ குறிஞ்சி பாடுவதில் வல்லவர் என்று மரபு போற்றும் புலவர். இப்பாடலும் குறிஞ்சித் திணையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. நீர்ப்பறவை ஒன்று நடுநாயகமாக நிற்கும் பாடல் மலைநிலத்துக்கு உரியதாக எப்படி ஆயிற்று என்ற கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். முதலில் பறவையைப் பார்ப்போம்.

குருகு என்பது பழைய இலக்கியத்தில் பல நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். ஆயினும் கபிலர் தரும் அடையாளம் பெரும்பாலானவற்றை விலக்கிவிடுகிறது. வெள்ளைக் கொக்குகளுள் சின்னக் கொக்கின் கால் கறுப்பு, அதன் பாதம் மட்டும் மஞ்சள். பெருங்கொக்கின் காலும் கறுப்பே. கால் சிறியதாகவும் பசியதாகவும் இருந்து, ஓடும் நீரின் ஓரத்தில் ஒற்றையாக நின்று மீன் பார்க்கும் பறவை என்றால், இன்று நாம் குளக்கொக்கு என்றும் மடையான் என்றும் சொல்லும் பறவையே மிக நெருங்கி வருகிறது. அதன் காலில் பச்சையும் மஞ்சளும் கலந்த மங்கிய நிறம் இருக்கும்.

இந்தப் பறவையைக் காண்பதற்குக் கொழும்புவாசி எவரும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. சதுப்புநிலங்களின் மேல் எழுந்த இந்த நகரத்துக்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. தியவன்னா ஓயாவின் கரையிலும், தலங்கமைப் பக்கத்து வயல்களிலும், கிருலப்பனையையும் வெள்ளவத்தையையும் ஊடறுத்துச் செல்லும் கால்வாய்களின் ஓரத்திலும் மடையானை நாள்தோறும் காணலாம். கால்வாயின் கற்கட்டில் அது நிற்கும்போது கழுத்து தோளுக்குள் அமிழ்ந்திருக்கும். மண்நிறக் கோடுகள் ஓடிய மார்பு கரையின் சேற்றோடும் சருகோடும் கலந்துவிடும். உடலில் எங்கும் அசைவிருக்காது. அலகு மட்டும் நீரை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும். பாலத்தின் மேல் பஸ் இரைந்துகொண்டு போனாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆள் கைக்கெட்டும் தூரத்துக்கு நெருங்கிய பிறகே திடீரென்று எழும். அப்போது அதுவரை மறைந்திருந்த வெள்ளைச் சிறகுகள் பளிச்சென்று விரியும். அருகில் போகும் வரை பறக்காத இந்த இயல்பினால்தான் தமிழில் இதற்குக் குருட்டுக்கொக்கு என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. சிங்களத்திலும் அதே பொருள்படவே கணகொக்கா என்கிறார்கள். உண்மையில் அதன் கண் மிகக் கூர்மையானது. அந்தக் கூர்மை முழுவதும் நீருக்குள் இருக்கும் ஒரு பொருளின் மேல் குவிந்திருக்கிறது என்பதே விடயம்.

இங்கேதான் பாடலின் மையம் இருக்கிறது. தலைவிக்கு ஒரு சாட்சி வேண்டும். களவொழுக்கத்தின் இயல்பே பிறர் அறியாமை என்பதால், அந்தச் சந்திப்புக்குச் சாட்சி இருக்க வாய்ப்பில்லை. அவள் நினைவைத் துருவித் துருவித் தேடுகிறாள். ஒரு பறவை நின்றது நினைவுக்கு வருகிறது. கண்ணுள்ள ஓர் உயிர் அங்கே இருந்திருக்கிறது. ஆனால் நினைவு தெளியத் தெளிய, அந்தக் கண் எங்கே பதிந்திருந்தது என்பதும் தெளிவாகிறது: ‘ஆரல் பார்க்கும் குருகு.’ அது மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, தலைவனைப் பார்க்கவில்லை. சாட்சியைக் கண்டெடுத்த அதே மூச்சிலேயே அந்தச் சாட்சி பயனற்றது என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. ‘ஐயோ, அதுகூட என்னைக் காணவில்லையே’ என்று தலைவி எங்கும் வாய்விட்டு அழவில்லை. பார்க்கும் என்ற ஒரு வினையும் ஆரல் என்ற ஒரு மீனும் அவளுக்காக அதைச் சொல்லிவிடுகின்றன.

வேறு எந்த மீனையும் வைத்திருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். ஆரல் பாம்புபோல் நீண்ட உடலும் கூரிய மூக்கும் உடைய மீன். ஆழமற்ற நீரில் மணலிலும் சேற்றிலும் உடலைப் புதைத்துக்கொண்டு கிடப்பது அதன் வழக்கம். கையில் அகப்பட்டாலும் வழுக்கிப் போகும். ஓடுகின்ற நீரிலே, அடியில் புதைந்து கிடக்கும் ஒரு மெல்லிய மீனைக் கண்டுபிடித்துக் கொத்துவதற்கு ஒரு பறவை எவ்வளவு ஒருமுகப்பட்டு நிற்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நீரில் ஒளி முறிவதால் மீன் உண்மையில் இருக்கும் இடம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் இடம் வேறொன்று. கொக்கினம் அந்த வேறுபாட்டையும் ஈடுசெய்தே கொத்துகிறது. இத்தனை வேலை இருக்கும் கண்ணுக்குக் கரையில் நடப்பது தெரிய நியாயமில்லை. துள்ளிக் குதிக்கும் கயலையோ கெண்டையையோ கபிலர் இங்கே வைத்திருந்தால் அந்த ஒருமுகம் தளர்ந்திருக்கும். மீனின் தெரிவு ஓசைக்காகவோ அடியை நிரப்புவதற்காகவோ நேர்ந்ததன்று என்றே நான் நம்புகிறேன்.

இனி உவமைக்கு வருவோம். உவமை தோன்றும் இடங்களைத் தொல்காப்பியம், ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே’ என்று வகுக்கிறது. செயல், பயன், வடிவு, நிறம் என்ற இந்நான்கனுள் ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’ என்பது வடிவையும் நிறத்தையும் ஒருங்கே தருகிறது. மெல்லிய தண்டு, அதில் இடையிடையே வரும் கணு, முற்றாத பச்சை: கொக்கின் காலையும் அதன் மூட்டையும் பார்த்தவர்களுக்கு இந்த ஒப்புமை எவ்வளவு துல்லியமானது என்பது விளங்கும். நகரத்தில் தினை நமக்குக் கடையில் பொதியாக வரும் தானியம். தாளோடு பார்த்தவர்கள் சிலரே. ஆயினும் தாளைப் பாராமல் இந்த உவமையின் சுவை முழுமையாக வந்து சேராது.

ஆனால் உவமையின் வேலை இத்துடன் முடியவில்லை. குருகும் ஆரலும் ஓடுநீரும் மருத நிலத்துக்கும் நெய்தலுக்கும் நெருக்கமானவை. தினையோ குறிஞ்சியின் உணவு. தலைவி தினைப்புனம் காக்கச் செல்வதும், கிளி ஓட்டுவதும், அங்கே தலைவன் வந்து காண்பதும் குறிஞ்சிப் பாடல்களின் நிலைத்த சூழல். கபிலர் அந்தப் புனத்தைத் தனியாக வருணிக்கவில்லை. அதற்கு அவரிடம் அடிகளும் இல்லை. பறவையின் காலுக்கு உவமையாக அந்தப் புனத்தின் ஒரு தாளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். திணையின் முழு நிலமும் ஒரு கொக்கின் காலில் வந்து நின்றுவிடுகிறது. ‘எந்நில மருங்கின் பூவும் புள்ளும் அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும் வந்த நிலத்தின் பயத்த ஆகும்’ என்று தொல்காப்பியம் இடம்கொடுக்கிறது. ஒரு நிலத்துப் பறவை இன்னொரு நிலத்துக்கு வந்தால், வந்த நிலத்தின் பயனையே அது தரும். இந்தப் பாடல் குறிஞ்சியில் எப்படி இடம் பெற்றது என்பதற்கு இலக்கணம் தரும் விடை இது. பாடல் தன்னளவில் தரும் விடை தினைத்தாளில் இருக்கிறது.

தாள் என்ற சொல்லிலே இன்னொரு குறிப்பும் உண்டு என்று வாசிக்க இடமிருக்கிறது. கதிரைக் கொய்த பிறகு புனத்திலே எஞ்சி நிற்பது தாள்தான். கதிர் கொய்யப்பட்டால் காவல் முடியும், காவல் முடிந்தால் தலைவி வீட்டுக்குள் அடங்க வேண்டும், சந்திப்புக்கும் வழியில்லை. தினை முற்றுவதைச் சொல்லித் தலைவனைத் திருமணத்துக்கு விரைவுபடுத்துவது குறிஞ்சிப் பாடல்களில் பலமுறை வருவது. கபிலர் கதிரைச் சொல்லாமல் தாளை மட்டும் சொன்னதற்கு வடிவ ஒப்புமையே போதிய காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று அஞ்சும் பெண்ணின் நாவில் அந்தச் சொல் வரும்போது, கதிரில்லாத ஒரு புனம் என் கண்ணிலே படத்தான் செய்கிறது.

உள்ளுறை பற்றிய கருத்து வேறுபாட்டை இங்கே தொட வேண்டும். வெளியே சொன்ன கருப்பொருளோடு சொல்லாத ஒரு பொருள் ஒத்து முடிவதே உள்ளுறை உவமம். மீனுக்காக அசையாது காத்திருந்து கொத்தும் குருகைப்போல, தலைவனும் தன் இன்பத்துக்காகக் காத்திருந்து பெற்றான் என்று கொள்வது ஒரு வழி. கள்வன் என்று அவனை அவள் அழைப்பதும் இந்தப் பொருளுக்குத் துணை நிற்கிறது. வகுப்பறைகளில் பெரும்பாலும் இந்தப் பொருளே சொல்லப்படுகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதையே பாடலின் முழுப் பொருளாக்கினால், குருகு தலைவனாக மாறிவிடுகிறது. அப்போது அங்கே நின்ற பறவை காணாமல் போகிறது. அதனோடு சாட்சியும் போகிறது. சாட்சி என்ற பொருளுக்குக் குருகு வேறோர் உயிராக, இருவருக்கும் சம்பந்தமில்லாத ஓர் உயிராக நின்றாக வேண்டும். காட்சியை முதலில் காட்சியாக ஏற்று, அதன் பிறகே உள்ளே போக வேண்டும் என்ற ஒழுங்கைக் குலைத்தால் பாடல் விடுகதையாகிச் சுருங்கிவிடும். ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) பழந்தமிழ்ப் பாடல்களின் இயற்கையைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்தபோது, நிலத்தையும் மரத்தையும் பறவையையும் அவற்றின் சொந்த இருப்போடு வாசிக்கும் ஒரு பாதையை நமக்குத் திறந்துவிட்டார். அந்தப் பாதை இங்குள்ள வகுப்பறைகளை இன்னும் போதிய அளவு எட்டவில்லை என்பது எனக்குள்ள கவலை.

பாடலின் சொல்லமைப்பு இனி வருவது; நான் மிகவும் விரும்பி நின்று பார்க்கும் பகுதியும் இதுவே. முதல் அடி ‘யாரும் இல்லை’ என்று தொடங்குகிறது; கடைசி அடி ‘குருகும் உண்டு’ என்கிறது. இரண்டிலும் உம் என்ற இடைச்சொல் வருகிறது, ஆனால் வேலை வேறு. யாரும் என்பதில் உள்ளது முற்றும்மை. ஒருவர்கூட மிஞ்சாமல் எல்லாரையும் விலக்கிவிடுகிறது. குருகும் என்பதில் உள்ளதை, இதுவும் ஒரு சாட்சியாயிற்றே என்ற இழிவு சிறப்பாகவும் கொள்ளலாம். அவனோடு இதுவும் என்று எச்சமாகவும் கொள்ளலாம். முற்றாக மூடிய கதவில் ஒரு கீற்று இடைவெளி தெரிவதுபோல் அந்த இரண்டாவது உம் வந்து நிற்கிறது. யாரும் இல்லை என்று அறுதியிட்டவள், குருகும் உண்டு என்று முடிக்கும்போது தன் கூற்றைத் தானே திருத்துகிறாள். திருத்தியும் ஒன்றும் ஆகவில்லை.

தான் என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். ‘தானே கள்வன்’, ‘தானது பொய்ப்பின்’, ‘தான் மணந்த ஞான்றே’ என்று தலைவன் மூன்று முறை வருகிறான். யான் ஒரே ஒரு முறை வருகிறது. இரண்டாம் அடியில் தானது என்பதும் யானெவன் என்பதும் முதற்சீரிலும் மூன்றாஞ்சீரிலும் எதுகையாக நேருக்கு நேர் நிற்கின்றன. ஓசையில் அவர்கள் சமமாக நிற்கிறார்கள். உலகத்தில் அப்படியில்லை என்பதுதானே அவள் துன்பம். அது என்ற சுட்டும் கவனிக்கத்தக்கது. அவன் பொய்ப்பது எதை? தந்த உறுதிமொழியையா, நடந்த கூட்டத்தையா? பாடல் விளக்கவில்லை. தோழிக்கு அது எதுவென்று தெரியும், நமக்குச் சொல்லப்படவில்லை. இரு பெண்கள் தமக்குள் பேசுவதை நாம் வெளியே நின்று கேட்கிறோம் என்ற உணர்வை அந்தச் சின்னஞ்சிறு சுட்டே உண்டாக்குகிறது.

காலம் காட்டும் சொற்களிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மணந்த என்பது இறந்தகாலம். அந்த நாள் போய்விட்டது. ஒழுகுநீர் வினைத்தொகை, ஒழுகிய, ஒழுகுகின்ற, ஒழுகும் என்று மூன்று காலமும் அதற்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. பார்க்கும் என்ற பெயரெச்சமும் இறந்தகாலத்துக்குள் அடங்குவதில்லை. அவனோடு நேர்ந்தது ஒரு நாளில் முடிந்துவிட்டது. நீரின் ஓட்டமும் பறவையின் பார்வையும் முடியவில்லை. இலக்கண வகுப்பில் வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுக் கேட்கும்போது ஊறுகாயும் சுடுசோறும் உடனே வந்துவிடும். அவற்றோடு ஒழுகுநீரையும் சொல்லி, அது இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதையும் சொன்னால், இலக்கணமும் கவிதையும் இரண்டு பாடங்கள் என்ற எண்ணம் மாணவர் மனத்திலிருந்து விலகும்.

தமிழ்த் தொடரின் இயல்பான வரிசையையே கபிலர் ஒரு காட்சி உத்தியாக ஆக்கியிருக்கிறார். அடைகள் முன்னே வர, பெயர் பின்னே வருவது நம் மொழியின் வழக்கம். அதன்படி முதலில் தினைத்தாள் வருகிறது, பிறகு கால், பிறகு ஓடும் நீர், பிறகு நீருக்குள் ஆரல், பிறகு பார்வை. இவ்வளவும் வந்த பிறகே குருகு என்ற பெயர் வருகிறது. தலை குனிந்து நின்ற ஒருத்தியின் கண்ணில் முதலில் பட்டிருக்கக்கூடியது நீரில் நின்ற கால்கள்தான் என்று எண்ணத் தோன்றுகிறது. நாணத்தோடு கீழ்நோக்கிய அவள் பார்வையை இந்த வரிசை நம் பார்வையாக்கிவிடுகிறது. பறவையை முழுதாகக் காண்பதற்கு முன் அது எதைப் பார்க்கிறது என்பதை நாம் அறிந்துவிடுகிறோம்.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். முதலிரண்டு அடிகளில் யாரும், தானே, தானது, யானெவன் என்று சீர்கள் நெடிலில் தொடங்கி நீள்கின்றன. கேள்வியும் செய்கோ என்ற ஓகாரத்தில் இழுபட்டு நிற்கிறது. பறவை வந்ததும் சிறு, பசு, ஒழுகு, குருகு என்று குறில்கள் அடுத்தடுத்து வருகின்றன. வாய்விட்டுப் படித்தால் மூச்சின் வேறுபாடு தானாகத் தெரியும்: புலம்பலிலிருந்து கூர்ந்த கவனிப்புக்குக் குரல் இறங்குகிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, மூன்று சீராகக் குறைந்து வரும். அந்த யாப்பில் அமைந்த பாடல் எல்லாவற்றுக்கும் அது பொது என்பதால் அதைக் கபிலருடைய தனி உத்தி என்று புகழக் கூடாது. ஆனால் அந்தக் குறைந்த அடியில் எதை வைப்பது என்பது புலவன் கையில் இருக்கிறது. இங்கே அதில் அமைந்தது, ‘ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்’ என்பது. நான்காம் சீரை எதிர்பார்த்த செவிக்கு அது கிடைக்காமல் ஒரு நிறுத்தம் உண்டாகும் இடத்திலே, அசையாமல் நிற்கும் பறவை நிற்கிறது.

இவ்வளவையும் பார்த்த பிறகு, இன்னொரு பறவைப் பாடலை அருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடலைத் தமிழ் படித்தவர்களில் அறியாதவர் இல்லை.

நாராய் நாராய் செங்கால் நாராய்
பழம்படு பனையின் கிழங்குபிளந் தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்

மதுரையிலே வறுமையில் வாடும் புலவர், தெற்கே குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம், கும்பகோணத்துப் பக்கத்திலுள்ள சத்திமுற்றத்துக் குளத்தில் தங்கி, நனைந்த சுவரும் கூரையும் உள்ள வீட்டில் பல்லி சொல்லும் நல்ல சகுனத்தை எதிர்பார்த்திருக்கும் தம் மனைவியைக் கண்டு, தம் நிலையைச் சொல்லுமாறு வேண்டுகிறார். குறுந்தொகைத் தலைவி பறவையை நினைவில் தேடுகிறாள்; இவர் பறவையை நேரே விளிக்கிறார். அங்கே பறவையின் பெயர் கடைசியில் வருகிறது; இங்கே முதற் சொல்லே அதன் பெயர், மூன்று முறை அடுக்கி.

உவமையின் நேர்த்தியைக் காண விரும்புபவர்கள் ஒரு பனங்கிழங்கைக் கையில் எடுத்தால் போதும். பருவகாலத்தில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தைக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் கிழங்கை அவித்து, தோலை உரித்து, நெடுக்காக இரண்டாகப் பிளக்கிறோம். ஒரு முனை தடித்து, மறுமுனை கூர்ந்து, நேராக நீண்ட இரண்டு பாதிகள். பாதிகளைப் பிரிக்கும்போது அடிப்பக்கம் ஒட்டியிருக்க, நுனி விரிந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில், திறந்த அலகு அப்படியே கையில் இருக்கும். கிழங்கின் நிறம் சிவப்பு அன்று என்பதைப் புலவர் மறக்கவில்லை. அதனால்தான் வடிவத்துக்குப் பனையையும் நிறத்துக்குப் பவளத்தையும் பிரித்து வைத்தார். தொல்காப்பியத்தின் மெய்யும் உருவும் இங்கே இரண்டு பொருள்களாகப் பிரிந்து வந்து ஓர் அலகில் சேர்கின்றன. சிவந்த அலகும் சிவந்த காலும் உடையதாய், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியாவுக்கு வலசை வந்து திரும்பும் வெண்ணிறப் பறவையைச் செங்கால் நாரை என்ற பெயராலேயே இன்று பறவை நூல்களும் குறிக்கின்றன.

‘நீயும் நின் பெடையும்’ என்று புலவர் அழைப்பதிலே, தன் துணையைப் பிரிந்திருக்கும் வருத்தம் சொல்லாமல் நுழைந்துவிடுகிறது. ‘கையது கொண்டு மெய்யது பொத்திக் காலது கொண்டு மேலது தழீஇப் பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும் ஏழையாளனைக் கண்டனம்’ என்று சொல்லச் சொல்கிறார். கை, மெய், கால், மேல் என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் இன்னொன்றுக்கு ஆடையாகிறது. கையது, மெய்யது, காலது, மேலது என்ற ஒரே அச்சுச் சொற்கள் குளிரில் ஒடுங்கும் உடம்பின் மடிப்புகள்போல ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆடையின்மையை இதைவிடக் கண்முன் நிறுத்திய வரிகளை நான் படித்ததில்லை.

கண்டனம் என்றால் கண்டோம். சாட்சி சொல்பவரின் சொல் அது. கபிலரின் தலைவிக்குக் கிடைக்காத சொல்லும் அதுவே. ஆனால் இந்தச் சாட்சிக்கும் ஒரு குறை இருக்கிறது. செங்கால் நாரைக்குக் குரல் இல்லை என்றே சொல்லலாம். வளர்ந்த பறவை தன் அலகின் இரு பாதிகளையும் படபடவென்று தட்டித்தான் ஓசை எழுப்பும். புலவர் உவமித்துப் போற்றிய அந்த அலகே அதன் வாய்மொழி. காணாத குருகு அங்கே, பேசாத நாரை இங்கே. பறவையையும் ஞாயிறு, திங்கள், கடல் முதலியவற்றையும் ‘சொல்லுந போலவும் கேட்குந போலவும்’ பேசுவது செய்யுளுக்கு உரிய மரபு என்று தொல்காப்பியம் கூறும்போது, போல என்ற சொல்லை அது விட்டுவிடவில்லை. கேட்காது என்று தெரிந்தே பேசுவதில்தான் அந்த மரபின் துயரம் இருக்கிறது. நாரை தமிழ் பேசி மனைவியிடம் செய்தி சொல்லித் திரும்புவதாகப் பாடல் நீண்டிருந்தால், அது இனிய கதையாகியிருக்கும். வறுமை அதில் கரைந்து போயிருக்கும்.

நம் காலத்துக் குறுங்கவிதைகளில் பறவை ஏராளமாகப் பறக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பெயரில்லாத பறவை. அதற்குக் கால் இல்லை, இரை இல்லை, நிற்கும் நீர்நிலை இல்லை. சிறகு மட்டும் உண்டு, சிறகென்றால் விடுதலை என்ற பொருளும் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அப்படிப்பட்ட வரிகளை ஆராய்ந்து அணிநயம் எழுதச் சொன்னால் மாணவர் பெயர் சூட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்? அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் வைக்கப்படவில்லை.

சத்திமுற்றப் புலவரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. நாரையின் அலகுக்குத் தகுந்த உவமை எதுவென்று பாண்டிய மன்னன் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தான். ஓர் இரவில் நகரைச் சுற்றி வந்தபோது இந்தப் பாடல் அவன் காதில் விழுந்தது. உடனே தன் மேலாடையை அந்தப் புலவர்மேல் போர்த்துவித்து, பின்பு அழைத்துப் பரிசளித்தான். கதை நடந்ததோ இல்லையோ, அதைக் கட்டிச் சொன்ன தலைமுறைகள் இப்பாடலை எப்படி வாசித்தன என்பதற்கு அது சான்று. அரசன் இரங்கியது வறுமைக்காக மட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. பிளந்த பனங்கிழங்கைக் கேட்டு நின்றான் என்று சொன்னார்கள். தூது சத்திமுற்றம் வரை போக வேண்டியிருக்கவில்லை. நாரையும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.